கூரையில் பெய்த மழை துரத்தி வந்த ஊர்

இங்கிலாந்தின் டியூக்ஸ்பரியில் ஓர் இரவு தங்குவதாகத்தான் திட்டம். நான்கு இரவு தங்கினோம். முதல் இரவு எங்கள் விருப்பம், மற்ற மூன்றும் ஆற்றின் விருப்பம்.

மே மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் லீவு. ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் நாங்கள் இருக்கும் கவென்ட்ரிக்கு வந்திருந்தார்கள். லண்டனைப் போன தடவையே சுற்றிக் காட்டிவிட்டோம். இந்த முறை என்ன செய்வது என்று யோசித்த என் மனைவி, ஒரு வாரத்துக்கு வாடகைக்கு நேரோபோட் எடுத்துவிட்டாள். வூஸ்டரில் சனிக்கிழமை மதியம் ஏறுவது, மறுநாள் செவர்ன் ஆற்றில் இறங்கி டியூக்ஸ்பரி, அங்கிருந்து ஏவன் ஆற்றுக்குள் திரும்பி பெர்ஷோர், முடிந்தால் ஈவ்ஷாம் வரை போய்விட்டு வருவது. அடுத்த சனிக்கிழமை காலையில் படகை ஒப்படைக்க வேண்டும்.

மாமா மயிலாடுதுறைப் பக்கம் பொதுப்பணித்துறையில் 31 வருடம் லஸ்கராக இருந்தவர். டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குவது, காலையும் மாலையும் அளவுகோலைப் பார்த்து நோட்டில் குறிப்பது, கரையில் எங்கே கசிகிறது என்று நடந்தே பார்ப்பது, இதெல்லாம் லஸ்கர் வேலை. ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் மேட்டூரில் எத்தனை அடி என்று கேட்காமல் காலைக் காபி குடிக்க மாட்டார்.

நேரோபோட் என்பது பேருக்கேற்ற ஒல்லிப் படகு. அகலம் 6 அடி 10 அங்குலம். பழைய கால்வாய்களின் லாக்குகள், அதாவது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள், 7 அடி அகலத்தில் கட்டப்பட்டதால் படகும் அந்த அளவுக்கே ஒடுங்கிவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது 58 அடி நீளம். ரயில் பெட்டியின் நடைபாதையில் குடித்தனம் நடத்துவதுபோல இருக்கும். ஒருவர் அடுப்பில் நின்றால் மற்றவர் கழிவறைக்குப் போக முடியாது. ஆனால் அடுப்பு, குளிர்பெட்டி, வெந்நீர், படுக்கை எல்லாம் உண்டு. ஓட்டுநர் உரிமம் எதுவும் கேட்பதில்லை. 17 டன் இரும்பை, கார்கூட ஓட்டாத ஒருவர் கையில் தாராளமாகக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

படகைக் கொடுத்தவர்கள் இருபது நிமிடத்தில் பாடத்தை முடித்துக்கொண்டார்கள். டில்லர் என்ற திருப்புத்தடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும், தண்ணீர்த் தொட்டியை இரண்டு நாளைக்கு ஒருமுறை நிரப்புங்கள், லாக்குக்குள் இறங்கும்போது பின்பக்கத்துச் சுவர்ப்படியில் படகின் வால் மாட்டாமல் முன்னாலேயே நில்லுங்கள், ஆற்றில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். அவ்வளவுதான். ஆற்றின் மட்டம் ஏறினால் கயிற்றை என்ன செய்வது என்று யாரும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்பதற்கு? நீங்கள் ஆற்றில் இறங்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால் பணம் கட்டுவதற்கு முன்பே மூன்று கேள்வி கேளுங்கள். ஆறு மூடினால் பணம் திரும்புமா? படகை வேறெங்காவது விட்டுவிட்டு வர நேர்ந்தால் அதற்கான செலவு யாருடையது? நங்கூரம் மாட்டியே தருவீர்களா? எங்கள் படகில் நங்கூரம் இருந்தது, பெட்டிக்குள், சங்கிலியோடு பிணைக்காமல். மாமாதான் பார்த்து, இரண்டையும் பிணைக்கும் இரும்பு வளையத்தை மாட்டி முடுக்கிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் டிக்லிஸ் படகுத்துறையிலேயே கட்டிப் படுத்தோம். அன்று கவென்ட்ரியில் நாங்கள் வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போதே தூறல். இரவு பக்கத்து வீட்டு நண்பர் கூப்பிட்டார். "இங்க கொட்டுது பாஸ், உங்க கூரைத் தண்ணிக் குழாய் ஒண்ணு கழண்டு தொங்குது" என்றார். வூஸ்டரில் நட்சத்திரம் தெரிந்தது. பாவம் கவென்ட்ரி என்று சொல்லிவிட்டுத் தூங்கினோம்.

மறுநாள் காலை டிக்லிஸின் இரண்டு லாக்குகளைக் கடந்தால் செவர்ன். நாமே கையால் திறக்கும் லாக்குகள் இவை. கதவின் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்ற விண்ட்லஸ் என்று ஒரு கைப்பிடி கொடுப்பார்கள். மாமா அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "அட, மதகுச் சாவி!" அதன்பிறகு அந்தப் பயணம் முடியும்வரை அதை யாருக்கும் தரவில்லை. ஷட்டரைப் பாதி ஏற்றி, தண்ணீர் உள்ளே வரும் வேகத்தைப் பார்த்து, பிறகு மீதியை ஏற்றினார். நான் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்துப் படகுக்காரர் சந்தேகம் கேட்டது என்னிடம் இல்லை, அவரிடம்.

செவர்னின் லாக்குகள் வேறு ரகம். பெரியவை, ஆள் வைத்து இயக்குகிறார்கள், போக்குவரத்து விளக்குபோலச் சிவப்பு பச்சை எரியும். பச்சை வந்த பிறகே உள்ளே போக வேண்டும். சுவரில் செங்குத்தாகத் தொங்கும் வடத்தைச் சுற்றி உங்கள் கயிற்றை விட்டுக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். முடிச்சுப் போடவே கூடாது. தண்ணீர் இறங்கும்போது முடிச்சுப் போட்ட படகு சுவரில் தொங்கும்.

கால்வாயில் பழகியவருக்கு ஆறு கொடுக்கும் முதல் அறை, கரைக்கு ஒதுங்கும்போது விழும். எனக்கு அது வழியில் வரும் அப்டன் என்ற ஊரில் விழுந்தது. சாப்பாட்டுக்கு அங்கே நிறுத்தலாம் என்று, நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்த படகை அப்படியே மிதவைத்துறைக்குத் திருப்பினேன். முன்பக்கம் தொட்டது. பின்பக்கத்தை ஆறு எடுத்துக்கொண்டது. 58 அடியும் குறுக்கே நின்றது. கரையில் பீர் குடித்துக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெரியவர் கையால் வட்டம் போட்டுக் காட்டினார். துறையைத் தாண்டிப் போ, ஆற்றிலேயே சுற்றித் திரும்பு, மூக்கு தண்ணீர் வரும் திசையைப் பார்க்க வா. அப்படி வந்தால் எதிரே வரும் நீரோட்டமே பிரேக். எஞ்சினை லேசாக முன்னுக்கு வைத்தாலே படகு நின்ற இடத்தில் நிற்கும், பிறகு பக்கவாட்டில் ஒதுக்கிக்கொள்ளலாம். முதலில் கட்ட வேண்டியது முன் கயிறு. இரண்டாவது முயற்சியில் ஒட்டிக்கொண்டோம். கைதட்டினார்கள். என் மகள் தலைவணங்கினாள், நான் உள்ளே போய்விட்டேன்.

அப்டனுக்குக் கீழே மோட்டார்வேப் பாலத்தைத் தாண்டி, பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் 1826இல் முடித்த மைத் இரும்புப் பாலத்தின் அடியில் நுழைந்தால் டியூக்ஸ்பரி வந்துவிட்டது. தொலைவிலேயே மடாலயத்தின் கோபுரம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே குறுக்கே வெட்டித் திரும்பிவிடாதீர்கள். ஏவன் செவர்னில் கலக்கும் முனையில் மணல்திட்டு தண்ணீருக்கடியில் நீண்டிருக்கிறது. முனையைத் தாண்டிப் போய் அகலமாகத் திரும்ப வேண்டும். நான் இதை வரைபடத்தில் படித்திருந்தேன். மாமா படிக்காமலே சொன்னார்: "ரெண்டு ஆறு சேர்ற மூக்குல மணல் இல்லாம இருக்குமா, மாப்ள?"

ஏவன் லாக்கிலும் காப்பாளர் இருக்கிறார். கால்வாய்களையும் செவர்னையும் பார்த்துக்கொள்ளும் அமைப்பின் கையில் ஏவன் ஆறு இல்லை, அதற்கென்று தனி அறக்கட்டளை இருக்கிறது. பெரும்பாலும் தன்னார்வலர்கள். 1630களில் வில்லியம் சாண்டிஸ் என்பவர் தன் பணத்தைக் கொட்டிப் படகு போகும் வழியாக்கிய ஆறு இது. பிறகு தூர்ந்து கிடந்ததை 1950இலிருந்து பொதுமக்களே பணம் திரட்டி மீட்டார்கள். கீழ் ஏவன் முதலில், மேல் ஏவன் 1974இல். அதனால் இங்கே நுழைய உரிமக்கட்டணம் தனி. வாடகைப் படகில் அது சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காப்பாளர் எங்கள் உரிமத்தைப் பார்த்துவிட்டு, ஊர்ப்பக்கம் கட்டுவதற்கு இடம் காட்டினார். அரசன் ஜான் பெயர் கொண்ட பழைய கல்பாலம் ஒரு பக்கம், 1865இல் கட்டிய, இப்போது ஆளில்லாமல் நிற்கும் செங்கல் மாவுமில் இன்னொரு பக்கம். நடுவில் நாங்கள்.

அன்றிரவு அத்தை ரசம் வைத்தார். கடுகு வெடித்ததும் படகின் புகை அலாரம் அலறியது. அத்தைக்கு அது அவமானமாகப் போய்விட்டது. "நான் இன்னும் பெருங்காயமே போடல!" அதற்கு வழி கண்டுபிடித்தோம்: தாளிக்கும்போது மட்டும் சின்ன வாணலியை, பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைசி நிமிடத்தில். அலாரத்தைக் கழற்றிவிடலாமே என்று தோன்றும். கழற்றாதீர்கள். மூடிய இரும்புக் குழாயில் எரிவாயு அடுப்போடு தூங்குகிறீர்கள்.

திங்கட்கிழமை காலை வெயில். பெர்ஷோருக்குக் கிளம்ப வேண்டிய நாள். நான் எஞ்சின் எண்ணெய் பார்த்து, கயிற்றை அவிழ்க்கப் போனேன். மாமா கரையில் குந்தி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இன்னைக்கு வேண்டாம்."

"ஏன் மாமா?"

"புதுத்தண்ணி வருது."

லாக்குக்குப் பக்கத்தில் மட்டப்பலகை இருக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை. தண்ணீர் பச்சையில்தான் இருந்தது. படகுக்காரர்கள் கொடுத்த தாளில் தெளிவாக எழுதியிருந்தது: பச்சை என்றால் போகலாம். நான் அதைக் காட்டினேன். அவர் தண்ணீரைக் காட்டினார். நேற்று கரும்பச்சையாக இருந்தது இன்று பால் குறைந்த டீ நிறம். வைக்கோல் துண்டு, சுள்ளி, நுரை. நுரை ஓரத்தில் ஒதுங்காமல் நட்டாற்றில் கோடு போட்டதுபோலப் போய்க்கொண்டிருந்தது. ஏறுகிற தண்ணீரில் குப்பை நடுவில் போகும், வடிகிற தண்ணீரில் ஓரத்துக்கு வரும் என்றார். பாடப்புத்தகம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. அவர் கொள்ளிடக் கரையில் பார்த்தது.

"மழையே இல்லையே மாமா, எங்க இருந்து வரும்?"

"இங்க பேஞ்சாத்தான் இங்க வருமா? குடகுல பேஞ்சா மாயவரத்துல வரல?"

மனைவி போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கவென்ட்ரிக்குள் ஓடும் சிற்றாறு ஷெர்போர்ன். அது சோ ஆற்றில் விழுகிறது, சோ ஏவனில் விழுகிறது, ஏவன் வார்விக், ஸ்ட்ராட்ஃபோர்ட், ஈவ்ஷாம், பெர்ஷோர் எல்லாம் சுற்றிக்கொண்டு எங்கள் படகுக்கடியில் வருகிறது. சனிக்கிழமை இரவு எங்கள் கூரையில் பெய்து, கழன்று தொங்கிய குழாய் வழியாக வழிந்த மழை, எங்களைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது.

மதியம் 12 மணிக்குத் தண்ணீர் மஞ்சளைத் தொட்டது. படகுக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். மஞ்சள் என்றால் அசையாதீர்கள் என்றார்கள். காலையில் கிளம்பியிருந்தால் எங்கோ நடுவில், கட்ட இடமில்லாத கரையில், எதிர்நீரோட்டத்தில் முக்கிக்கொண்டிருப்போம். இதற்கு அரசின் வெள்ள எச்சரிக்கைத் தளம் ஒன்றிருக்கிறது. மைத் பாலம் உட்பட ஒவ்வோர் அளவுமானியிலும் மட்டம் எவ்வளவு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று கோடு போட்டுக் காட்டும். நீங்கள் நிற்கும் இடத்தை மட்டும் பார்க்காமல், உங்களுக்கு மேலே இருக்கும் இரண்டு மூன்று அளவுமானிகளைப் பாருங்கள். ஈவ்ஷாமில் கோடு செங்குத்தாக ஏறினால் டியூக்ஸ்பரியில் நாளைக்கு என்ன ஆகும் என்று அதுவே சொல்லிவிடும். மாமாவுக்கு அந்தத் தளத்தைக் காட்டியதுதான் தப்பு. அன்றிலிருந்து என் போன் என்னிடம் இல்லை.

இனி ஊர்.

டியூக்ஸ்பரி மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த மேடு. செவர்ன், ஏவன், ஸ்வில்கேட் என்று ஒரு சிற்றாறு. மேட்டைத் தாண்டி வீடு கட்டினால் வெள்ளம் வரும் என்று பழையவர்களுக்குத் தெரியும். அதனால் ஊர் அகலத்தில் வளராமல் வீட்டுக்குப் பின்னால் வீடு, அதற்குப் பின்னால் இன்னொரு வீடு என்று உள்ளுக்குள்ளேயே நெரிந்து வளர்ந்திருக்கிறது. அந்தப் பின்வீடுகளுக்குப் போவதற்காக, பெரிய தெருவிலிருந்து ஒராள் நுழையும் சந்துகள். ஒரு காலத்தில் 90 சந்துகள் இருந்தனவாம், இப்போது 30 போல மிச்சம். மகள் அவற்றை எண்ண ஆரம்பித்து, 19இல் குழம்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஒரு சந்துக்குள் பழைய பாப்டிஸ்ட் தேவாலயம், வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண மரச்சட்ட வீடு. அரசாங்கத்துக்குப் பயந்து ஒளிந்து கும்பிட்ட காலத்துக் கட்டடம்.

மடாலயத்துக்குள் போனதும் அத்தை செருப்பைக் கழற்றப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லி நிறுத்தினோம். 1121இல் திருநிலைப்படுத்திய கோயில். இரு பக்கமும் சேர்த்து 14 தூண்கள், ஒவ்வொன்றும் 30 அடி உயரம், அலங்காரம் எதுவுமில்லாமல் யானைக்கால் மாதிரி. அத்தை ஒரு தூணைக் கட்டிப் பிடித்துப் பார்த்தார், பாதிகூட எட்டவில்லை. எட்டாம் ஹென்றி மடாலயங்களையெல்லாம் கலைத்து இடித்தபோது, இந்த ஊர்க்காரர்கள் கட்டடத்தை விலைக்குக் கேட்டிருக்கிறார்கள். மணிகளுக்கும் கூரை ஈயத்துக்கும் என்ன மதிப்போ அதைக் கொடுங்கள் என்று 453 பவுண்டு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். "ஊர்க்கூட்டம் போட்டு வரி எழுதி வாங்கியிருக்காங்க" என்று அத்தை அதைத் தன் பாஷையில் சுருக்கினார்.

1471 மே 4 அன்று இந்த ஊருக்கு வெளியே இங்கிலாந்தின் அரியணைக்காக இரண்டு அரச குடும்பங்கள் மோதிக்கொண்ட ரோஜாப் போர்களின் பெரிய சண்டை ஒன்று நடந்தது. நான்காம் எட்வர்ட் ஜெயித்தான். தோற்ற பக்கத்து இளவரசன், அவனும் எட்வர்ட்தான், 17 வயது, செத்துப்போனான். கோபுரத்துக்கு நேர்கீழே தரையில் அவன் பேரில் பித்தளைத் தகடு. உள்ளறைக் கதவு ஒன்றின் பின்புறம் முழுக்க இரும்புத் துண்டுகள் அடித்திருக்கிறது. போர்க்களத்தில் பொறுக்கிய கவசங்கள் என்கிறார்கள். மகளுக்கு இதுதான் பிடித்தது. ஓட்டை விழுந்த துண்டில் அம்பு எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும் என்று அரைமணி நேரம் என்னோடு வாதாடினாள்.

மாமாவுக்குப் பிடித்தது வேறு. 2007 வெள்ளத்தின் படம். ஜூலை 20 அன்று கொட்டிய மழையில் இரண்டு ஆறும் ஒரே நேரத்தில் ஏறி, ஊரைச் சுற்றிக் கடல்போலத் தண்ணீர், நடுவில் தீவாக இந்தக் கோயில். மைத் பாலத்துக்குப் பக்கத்துக் குடிநீர் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து, சுமார் 3,50,000 பேருக்குக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. "எங்க ஊருலயும் அதான். வெள்ளம்னு வந்தா முதல்ல இல்லாமப் போறது குடிதண்ணி" என்றார். பிறகு வெளியே வந்து, கோயில் எவ்வளவு மேட்டில் இருக்கிறது, புல்வெளி எங்கே சரிகிறது என்று நடந்து பார்த்தார். ஊருக்கும் செவர்னுக்கும் நடுவே பரந்து கிடக்கும் ஹாம் என்ற புல்வெளியைக் காட்டினேன். ஒரு வீடுகூட இல்லை. தண்ணீர் வந்தால் தங்கிப்போகட்டும் என்று விட்டு வைத்திருக்கிறார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார், நல்ல கச்சேரி கேட்பதுபோல.

கடைத்தெருவில் டியூக்ஸ்பரிக் கடுகு விற்கிறார்கள். கடுகை அரைத்து, குதிரைமுள்ளங்கியைத் துருவிச் சேர்த்து, உருண்டை பிடித்துக் காயவைத்து விற்பது பழைய வழக்கம். உருண்டையை எங்கேயும் எடுத்துப் போய் ஊறவைத்துக் கரைத்துக்கொள்ளலாம். இப்போது பெரும்பாலும் ஜாடியில் வருகிறது. அத்தை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். மூக்கில் ஏறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊறுகாய்க்கு ஆகும்" என்று தீர்ப்புச் சொல்லி இரண்டு ஜாடி வாங்கினார். அன்றிரவே மாங்காயை நறுக்கி, உப்பு மிளகாய்த்தூளோடு இதையும் போட்டுப் பிசைந்தார். தயிர்சாதத்துக்கு அது எப்படி இருந்தது என்று எழுதினால் பொய் என்பீர்கள்.

அன்றிரவு, படுக்கப் போகும் முன், "கயித்த விட்டுக் கட்டுங்க மாப்ள" என்றார் மாமா. ஓர் அரை அடி விட்டேன். கால்வாயில் இறுக்கிக் கட்டித்தான் பழக்கம், தளர்ந்திருந்தால் பக்கத்தில் போகும் படகின் அலையில் முட்டும். அவர் பதில் எதுவும் சொல்லாமல் கரைச் சேற்றில், தண்ணீர் விளிம்பில், ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போய்ப் படுத்தார்.

விடிகாலை 4 மணிக்கு ஏதோ ஒரு சத்தம், முனகல்போல. அலமாரியில் இருந்த டம்ளர் ஒன்று தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்து நின்றது. எழுந்து உட்கார்ந்தால் படுக்கை கரைப்பக்கம் சாய்ந்திருக்கிறது. வெளியே மாமா, கைலியை மடித்துக்கட்டி, லைஃப் ஜாக்கெட்டை மேலே போட்டுக்கொண்டு, வாயில் டார்ச்சுடன் முன் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தார். தண்ணீர் படகைத் தூக்குகிறது, கயிறு கரையில் இருக்கும் வளையத்தோடு பிடித்து இழுக்கிறது. கயிறு வீணைக் கம்பியாக விறைத்திருந்தது. முடிச்சு இறுகிக் கல்லாகிவிட்டது, நகம் நுழையவில்லை. எஞ்சினைப் போட்டுப் படகைக் கரையோடு சற்று முன்னுக்குத் தள்ளியதும் கயிற்றில் ஓர் அங்குலம் தளர்வு கிடைத்தது. அந்த ஓர் அங்குலத்தில் முடிச்சு கழன்றது. படகு ஒரு குலுக்குக் குலுக்கி நிமிர்ந்தது. உள்ளே டம்ளர் விழுந்து உடைந்தது.

நட்ட குச்சியைத் தேடினோம். முழங்கையை விட்டுத் துழாவி எடுத்தார் மாமா. குச்சியின் தலைக்கு மேல் ஒரு சாண் தண்ணீர்.

பிறகு அவர் கட்டிக் காட்டிய விதத்தைத்தான் இப்போதும் நான் கட்டுகிறேன். கயிற்றின் ஒரு நுனி படகில். மறுநுனி கரை வளையத்துக்குள் நுழைந்து திரும்பவும் படகுக்கே வர வேண்டும். அப்போது நள்ளிரவில் வழுக்கும் கரையில் இறங்காமல், படகில் நின்றபடியே விடலாம், இழுக்கலாம், அவசரமென்றால் உருவிக்கொண்டு போகலாம். முன்கயிறும் பின்கயிறும் நேராகக் கரைக்குப் போகாமல் படகைத் தாண்டிச் சாய்வாக நீண்டிருந்தால், மட்டம் ஏறி இறங்க இடம் கிடைக்கும். முன்னும் பின்னும் படகு ஓடாமல் இருக்க நடுவிலிருந்து எதிர்த்திசையில் இன்னொரு கயிறு. மேலும், ஏறும்போது இருக்கும் கவலை இறங்கும்போதும் இருக்க வேண்டும். ஏற்றத்தில் இறுகினால் படகு சாயும், இறக்கத்தில் இறுகினால் தொங்கும். கரையே மூழ்கினால் படகு கரைமேல் ஏறி, தண்ணீர் வடிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிடும். அதனால் வெள்ளக் காலத்தில் மாலை, நள்ளிரவு, விடிகாலை என்று எழுந்து பார்க்கத்தான் வேண்டும். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லார் படகிலும் லஸ்கர் இருக்கமாட்டார்.

செவ்வாய்க்கிழமை பலகையில் சிவப்பு. லாக் மூடியது. அன்று மழையும் இல்லை, காற்றும் இல்லை, அப்படியொரு வெயில். கரையில் நடந்து போனவர்கள் ஏன் இந்தப் படகுகள் கிளம்பாமல் நிற்கின்றன என்று வேடிக்கையாகப் பார்த்தார்கள். எங்களைப்போல மாட்டிக்கொண்ட ஏழெட்டுப் படகுகளுக்குள் அதற்குள் ஒரு தெருவே உருவாகிவிட்டது. முன்னால் இருந்த வயதான தம்பதிக்கு அத்தை எலுமிச்சை சாதம் கொடுத்தனுப்பினார். அவர்கள் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுவந்தார்கள். பின்னால் இருந்த இளைஞர்களுக்குக் குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது. தண்ணீர்க் குழாய் லாக்குக்கு அந்தப்பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்ததுமே தொட்டியை நிரப்பியிருந்தோம், வேறு வேலை இல்லாததால். ஊருக்குள் போய்ச் சேர்ந்ததும் முதலில் தண்ணீர் நிரப்புவது, கழிவறைத் தொட்டியைக் காலி செய்வது, பிறகு ஊர் சுற்றுவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். இன்னொன்று, மூன்று நாள் நிற்கும் படகில் எஞ்சின் ஓடாது, எஞ்சின் ஓடாவிட்டால் பேட்டரி ஏறாது. தினமும் பகலில் இரண்டு மணி நேரமாவது கியரில் போடாமல் ஓட விட வேண்டும். நாங்கள் செவ்வாய் மறந்தோம். புதன் காலையில் குளிர்பெட்டி நின்று, இட்லி மாவு பொங்கி, கதவைத் திறந்ததும் காலில் விழுந்தது.

புதன் மாலை நுரை ஓரத்துக்கு வந்தது. மாமா எதுவும் சொல்லவில்லை, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

வியாழக்கிழமை செவர்ன் பச்சைக்குத் திரும்பிவிட்டது, ஏவன் இன்னும் மஞ்சளில். காப்பாளர் எங்களைக் கீழே இறக்கிவிட ஒப்புக்கொண்டார். பெர்ஷோரைப் பார்க்கவில்லை, ஈவ்ஷாமைப் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் நாங்கள் போன தூரம், போக வர எல்லாம் சேர்த்து, காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மேல்நோக்கிப் போகும்போது செவர்ன் இன்னும் தாராளமாகவே ஓடிக்கொண்டிருந்தது. வரும்போது ஒரு மணி நேரத்தில் கடந்த தூரத்துக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. முழு மரமே வேரோடு ஒன்று எதிரே வந்தது, ஒதுங்கி வழி விட்டோம். ஆகவே ஆற்றில் திரும்பும் வழிக்குப் போன வழியைப்போல இரட்டிப்பு நேரம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி மதியம் வூஸ்டர் வந்து சேர்ந்தோம். அப்டனில் இந்த முறை கச்சிதமாக ஒட்டினேன். பார்க்க ஒருவரும் இல்லை.

படகை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஏணி போட்டுக் கூரைக் குழாயை மாட்டினேன். மாமா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் அந்த ஷெர்போர்னைப் பார்க்க வேண்டும் என்றார். நகரின் நடுவில் அதைப் பெரும்பாலும் கான்கிரீட்டுக்கு அடியில் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஸ்பான் எண்டுக்குக் கூட்டிப்போனேன், அங்கே வெளியே தெரியும். சுவரோரம் எட்டிப் பார்த்தார். கணுக்காலளவு தண்ணீர், ஒரு கடைச் சாமான் தள்ளுவண்டி கவிழ்ந்து கிடக்கிறது, அதன்மேல் ஒரு வாத்து.

"இதுவா மாப்ள நம்மள கட்டிப் போட்டது?"

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து என் போனை எடுத்து, இந்த ஆற்றுக்கு அளவுமானி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.